ஒரு ஃபோல்டருக்காக முழு மூட்டையையும் பிரிக்கணுமா? அன்ஜிப், டார், செவன்-ஜிப், மவுண்ட்: எது எப்போது?

காரைக்குடியில் பழைய வீட்டுக் காகிதங்களை ஸ்கேன் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. பேரேடு, கடிதக் கட்டு, கல்யாணச் சாமான் சிட்டை, ரங்கூனிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்த தபால் என்று ஒரு வீட்டுப் பெட்டகத்தில் இருப்பதை எல்லாம் படமெடுத்தால் சாதாரணமாக 50, 60 ஜிபி வந்து நிற்கும். அதை ஒரே மூட்டை ஃபைலாக (ஜிப், டார் மாதிரி) கட்டிப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பிவிடுவேன். ஒருவர் சென்னையில் இருப்பார், ஒருவர் சிங்கப்பூரில், இன்னொருவர் ஊரிலேயே.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி போன் செய்தார்கள். "தம்பி, எனக்கு எங்க அப்பச்சி எழுதுன கடிதம் மட்டும் போதும். பேத்தி கம்ப்யூட்டர்ல இடமே இல்லைங்கறா. அம்புட்டையும் பிரிச்சாத்தான் வருமா?" போனைப் பேத்தி வாங்கினாள். "அண்ணா, அன்ஜிப் போடவா, டார் போடவா, செவன்-ஜிப் போடவா? ஒண்ணைப் போட்டேன், அரை மணி நேரமா ஓடிட்டே இருக்கு."

இதே கேள்வி வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருப்பதால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னலில்) கொடுக்கும் கட்டளைகளைப் போனில் சொல்வது போலவே தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவி என்று நாம் இன்று யோசிக்கிறோம். ஆனால் மூட்டையைக் கட்டிய அன்றே பாதி முடிவு ஆகிவிட்டது. ஜிப்பாகக் கட்டியிருந்தால் ஒரு ஃபோல்டரை எடுப்பது நிமிட வேலை. டார்.ஜிஇசட் (டாராகக் கட்டி, ஜிஇசட் முறையில் சுருக்கியது) என்றால் நீங்கள் என்ன கெட்டிக்காரராக இருந்தாலும் கம்ப்யூட்டர் முழு மூட்டையையும் படித்துத்தான் ஆகவேண்டும்.

## எதை வைத்து எடைபோடுவது

நான் பார்ப்பது ஐந்து விஷயங்கள். ஒரு ஃபோல்டரை எடுக்க மூட்டையில் எவ்வளவு படிக்க வேண்டியிருக்கிறது? டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும்? தமிழில் வைத்த ஃபோல்டர் பெயர் பிழைக்குமா? டவுன்லோடு பாதியில் நின்றுபோன மூட்டையிலிருந்து எதையாவது மீட்க முடியுமா? கடைசியாக, கை தவறினால் எவ்வளவு சேதம்? இந்தக் கடைசி அளவுகோலை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியம், ஏன் என்று செவன்-ஜிப் பகுதியில் தெரியும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு: சாதாரண ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி படிக்கிறது என்று வைத்துக்கொண்டால் 60 ஜிபியைப் படிக்க மட்டுமே 10 நிமிடம். சுருக்கத்தை அவிழ்க்கும் நேரம் அதற்கு மேல். பெயரை ஒரு எழுத்து தப்பாகக் கொடுத்தால் இந்த நேரம் இன்னொரு முறை.

## அன்ஜிப்: ஜிப் மூட்டைக்கு

ஜிப் மூட்டை நம் ஊர் வீட்டு வளவு (உள்முற்றம்) மாதிரி. சுற்றிலும் அறைகள், ஒவ்வொரு புள்ளிக்கும் (கல்யாணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும்) ஓர் அறை, தனித்தனிப் பூட்டு. ஒவ்வொரு ஃபைலும் தனியாகச் சுருக்கப்பட்டிருக்கும். எது எங்கே இருக்கிறது என்ற முழுப் பட்டியல் மூட்டையின் கடைசியில் இருக்கும். அன்ஜிப் அந்தப் பட்டியலைப் படித்து, நேராக அந்த அறைக்குப் போய்ச் சாமானை எடுத்து வந்துவிடும். மற்ற அறைகளைத் தொடாது.

அன்ஜிப் வீடு.ஜிப் 'வீடு/கடிதம்/*' -டி வெளியே

இதில் டி என்பது டெல்லியின் முதல் எழுத்து, "வெளியே" என்பது எடுத்ததைப் போடும் ஃபோல்டர். அந்த ஒற்றை மேற்கோள் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் நட்சத்திரத்தை ஷெல் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) தானே விரிக்கப் பார்க்கும். ஃபோல்டர் பெயரோடு நிறுத்திவிட்டாலும் தப்பு. சாய்கோடு வரை எழுதி நட்சத்திரத்தை விட்டால் காலி ஃபோல்டர் ஒன்றுதான் வரும். "பிரிச்சாச்சு, ஆனா உள்ளே ஒண்ணுமே இல்லை" என்று வரும் போன்களில் பாதி இதுதான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மைனஸ் எல். பட்டியல் உடனே வந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவுகள் மூன்று. பட்டியல் கடைசியில் இருப்பதால், டவுன்லோடு முடியும் முன்பே நின்றுபோன ஜிப்பை அன்ஜிப் திறக்கவே மாட்டேன் என்னும். 60 ஜிபியில் 59 வந்திருந்தாலும் கதை அதேதான். ஜிப் கட்டளையிலேயே பெரிய எழுத்தில் மைனஸ் எஃப்எஃப் என்று ஒரு பழுதுபார்க்கும் வழி உண்டு, ஓரளவு மீட்கும். அடுத்தது பாஸ்வேர்டு: ஏஇஎஸ் முறையில் பூட்டிய ஜிப்பை, லினக்ஸில் பரவலாக இருக்கும் அன்ஜிப் 6.0 திறக்காது. அந்தப் பதிப்பு 2009-இல் வந்தது. அங்கே செவன்-ஜிப்தான் கதி. மூன்றாவது தமிழ்ப் பெயர். ஜிப் வடிவத்தில் பெயர்கள் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் பதியும் முறை) என்று சொல்லும் ஒரு குறி உண்டு. கட்டிய மென்பொருள் அந்தக் குறியைப் போடாமல் விட்டிருந்தால் பெயர்கள் கிறுக்கலாக வரும். உள்ளடக்கத்துக்கு ஒன்றும் ஆகாது, பெயர் மட்டும்தான்.

கரண்டு போய் மறுபடி ஓட்டும்போது மைனஸ் என் சேருங்கள், ஏற்கெனவே வந்த ஃபைல்களைத் தாண்டிப் போகும். ஆனால் கரண்டு போன நொடியில் எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு ஃபைல் அரைகுறையாகக் கிடக்கும். அதையும் "இருக்கிறது" என்று நினைத்துத் தாண்டிவிடும். கடைசி ஃபைலை அழித்துவிட்டு ஓட்டுவது நல்லது. மாதாந்திர மின்தடை நாளில் கற்றுக்கொண்ட பாடம்.

## டார்: டார், டார்.ஜிஇசட் மூட்டைகளுக்கு

டார் என்ற பெயரே டேப்பிலிருந்து வந்தது. காந்த நாடாவில் வரிசையாக எழுதுவதற்காக 1970-களின் கடைசியில் யூனிக்ஸில் பிறந்தது. பழைய கேசட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: ஐந்தாவது பாட்டு வேண்டும் என்றால் நாலு பாட்டையும் ஓட்டித்தான் ஆகவேண்டும். தனியாகப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு தலைப்பு, அதில் பெயரும் அளவும். அவ்வளவுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒரு வித்தியாசம் இருக்கிறது. சுருக்காத வெறும் டார் என்றால் நிலைமை மோசமில்லை. தலைப்பில் அளவு இருப்பதால், வேண்டாத ஃபைலை டார் படிக்காமலே தாவிவிடும். ஜிஇசட் போட்டுச் சுருக்கியதும் அந்தத் தாவல் போய்விடுகிறது. மூட்டை முழுவதும் ஒரே நீள ஓடையாகச் சுருக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டும் தனக்கு முன்னால் வந்ததைச் சார்ந்து நிற்பதால் நடுவிலிருந்து அவிழ்க்கத் தொடங்க முடியாது.

கடிதம் ஃபோல்டர் மூட்டையின் தொடக்கத்திலேயே இருந்தாலும் நிற்காது. அதே பெயரில் புதிய பிரதி பின்னால் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்று டார் கடைசி வரை படிக்கும். பேத்தியின் அரை மணி நேரம் அங்கேதான் போனது. கடிதங்கள் முதல் சில நிமிடத்திலேயே வந்துவிட்டிருந்தன. அவள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

டார் -எக்ஸ்எஃப் வீடு.டார்.ஜிஇசட் -சி வெளியே ./வீடு/கடிதம் ./வீடு/சிட்டை

சி பெரிய எழுத்து. இங்கே ஃபோல்டர் பெயரே போதும், நட்சத்திரம் வேண்டாம். எத்தனை ஃபோல்டர் வேண்டுமானாலும் ஒரே கட்டளையில் கொடுக்கலாம், கொடுங்கள். இன்று ஒன்று, நாளைக்கு ஒன்று என்று எடுத்தால் ஒவ்வொரு முறையும் 60 ஜிபி. ஒரே ஓட்டத்தில் நாலையும் எடுத்தால் ஒரே 60 ஜிபி. பெயர்கள் நிறைய இருந்தால் ஒரு ஃபைலில் எழுதி, பெரிய எழுத்து மைனஸ் டி (டாரின் முதல் எழுத்து) போட்டுக் கொடுக்கலாம்.

பெயருக்கு முன்னால் இருக்கும் புள்ளியும் சாய்கோடும் உங்கள் மூட்டையில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கட்டும்போது எப்படிப் பதிவானதோ அப்படியே கேட்க வேண்டும். இல்லாவிட்டால் முழு மூட்டையையும் படித்து முடித்துவிட்டு, ஆற அமர, "மூட்டையில் இல்லை" என்று சொல்லும். அதனால் முதல் வேலையாக மைனஸ் டிஎஃப் (இதிலும் டாரின் டி) போட்டுப் பட்டியல் எடுத்து ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமித்துக்கொள்ளுங்கள். அதற்கும் முழு ஓட்டம் ஆகும்தான். ஆனால் ஒரு தடவை செய்தால் ஆயுசுக்கும் போதும். நான் இப்போதெல்லாம் மூட்டையோடு பட்டியலையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

தமிழ்ப் பெயர் வைப்பவர்களுக்கு இதில் ஒரு கண்ணி. பழைய மேக்கில் கட்டி அனுப்பிய ஒரு மூட்டையில் "போட்டோ" என்ற ஃபோல்டரைக் கேட்டேன். பட்டியலில் கண்ணெதிரே தெரிகிறது, டார் இல்லை என்கிறது. ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் விளங்கியது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றின் குறிகளையும் யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாக. பழைய மேக் டிஸ்குகள் பிரித்து எழுதும். நாம் விசைப்பலகையில் தட்டுவது பெரும்பாலும் ஒரே குறி. கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். பட்டியலிலிருந்து பெயரைக் காப்பி செய்து ஒட்டினால் தீர்ந்தது. இது டாருக்கு மட்டும் உள்ள குறை இல்லை, எந்தக் கருவியிலும் வரும். "கணக்கு", "கடிதம்" போன்ற பெயர்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. அதிலிருந்து நான் ஃபோல்டர் பெயரில் "கொ", "கோ", "கௌ" வராமல் பார்த்துக்கொள்கிறேன். சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

டாருக்கு ஒரு நல்ல குணம்: பாதியில் நின்ற டவுன்லோடு. வந்த வரைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, எதிர்பாராமல் ஃபைல் முடிந்துவிட்டது என்று முணுமுணுக்கும். வேண்டிய ஃபோல்டர் முன்பகுதியில் இருந்தால் உங்களுக்கு வேலை முடிந்தது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு வார்த்தை. விண்டோஸ் 10-இன் 2018 பதிப்பிலிருந்து டார் கூடவே வருகிறது, தனியாகப் போட வேண்டியதில்லை. மேக்கில் இருப்பதும் அதே வம்சம்தான், பிஎஸ்டி டார். அது ஜிப்பையும் திறக்கும், ஃபோல்டர் பெயர் மட்டும் கொடுத்தால் போதும். லினக்ஸில் இருக்கும் குனு டார் ஜிப்பைத் திறக்காது. பெயரில் நட்சத்திரம் போட்டுத் தேடுவதற்கும் குனு டாரில் இரட்டை மைனஸ் வைல்டுகார்ட்ஸ் என்று தனியாகச் சொல்ல வேண்டும், பிஎஸ்டியில் வேண்டாம். இணையத்தில் பார்த்த கட்டளை உங்கள் கம்ப்யூட்டரில் வேலை செய்யாததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

## செவன்-ஜிப்: எல்லாவற்றுக்கும், கொஞ்சம் பயத்தோடு

1999-இல் இகோர் பாவ்லோவ் வெளியிட்டது. ஜிப், டார், ரார், ஐஎஸ்ஓ என்று எதைக் கொடுத்தாலும் திறக்கும். யார் எதில் கட்டினார்கள் என்றே தெரியாத மூட்டை வந்தால் நான் முதலில் எடுப்பது இதைத்தான்.

7இசட் எக்ஸ் வீடு.7இசட் வீடு/கடிதம் -ஓவெளியே

மைனஸ் ஓவுக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவே இடைவெளி விடக்கூடாது. விட்டால் கட்டளை தப்பு என்று சொல்லி நின்றுவிடும்.

7இசட் வடிவத்துக்கென்று உள்ள செலவு, அதன் இறுக்கம். பல ஃபைல்களை ஒரே பாளமாகச் சேர்த்துச் சுருக்குவது அதன் இயல்பு. அதனால்தான் அளவு அவ்வளவு குறைகிறது. ஆனால் ஒரு பாளத்தின் கடைசி ஃபைலை எடுக்க அந்தப் பாளம் முழுவதையும் அவிழ்க்க வேண்டும். 7இசட் எல் போட்டால் பட்டியலுக்கு மேலேயே சாலிட் என்ற வரியும் பிளாக்ஸ் என்ற எண்ணும் வரும். சாலிட்டுக்கு எதிரே பிளஸ், பிளாக்ஸ் 1 என்று இருந்தால் டார்.ஜிஇசட்டுக்குச் சமமான பொறுமை தேவை. பட்டியல் மட்டும் உடனே கிடைத்துவிடும், அந்த வகையில் டாரைவிட மேல்.

டார்.ஜிஇசட்டை இதில் திறந்தால் வேறு தொல்லை. முதல் சுற்றில் ஜிஇசட்டை அவிழ்த்து ஒரு பெரிய டாரைத் துப்பும். அப்புறம் அந்த டாரை மறுபடி பிரிக்க வேண்டும். இடம் இல்லை என்றுதானே ஒரு ஃபோல்டர் மட்டும் கேட்டோம்!

இனி கை தவறும் கதை. இதில் எக்ஸ் என்றால் ஃபோல்டர் அமைப்போடு பிரிக்கும். இ என்றால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டும். ஆரம்ப நாளில் ஒரு வீட்டுக் கணக்கு ஃபோல்டரை இ போட்டு எடுத்தேன். உள்ளே 14 பேரேடுகள், ஒவ்வொன்றும் தனி ஃபோல்டர், ஒவ்வொன்றிலும் பக்கங்கள் 001, 002 என்று. ஒரே பெயர் வந்ததும் அழிக்கவா என்று கேட்டது. கேள்வி வந்துகொண்டே இருந்ததால் எரிச்சலில் எல்லாவற்றுக்கும் ஆம் என்று சொல்லிவிட்டேன். 14 பேரேடும் ஒன்றன்மேல் ஒன்றாக எழுதப்பட்டு, கடைசியில் ஒரே ஒரு கலப்படப் பேரேடு மிஞ்சியது. மூட்டை பத்திரமாக இருந்ததால் பிழைத்தேன். அன்ஜிப்பில் மைனஸ் ஜே போட்டாலும் இதே விபத்துதான். டாரில் பாதையைக் குறைக்க இரட்டை மைனஸ் ஸ்ட்ரிப்-காம்பொனென்ட்ஸ் உண்டு. எத்தனை படி என்று எண்ணிக் கொடுப்பதால் ஆபத்து குறைவு, ஆனால் எண்ணுவதில் கவனம் தேவை.

## மவுண்ட்: பிரிக்காமலே எட்டிப் பார்ப்பது

எந்த ஃபோல்டர் வேண்டும் என்றே தெரியாதபோது இது. லினக்ஸில் ரடார்மவுண்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. மூட்டையை ஒரு ஃபோல்டர் மாதிரி மாட்டிக் காட்டும். உள்ளே போய்ப் பார்க்கலாம், படத்தைத் திறக்கலாம், வேண்டியதை மட்டும் காப்பி எடுக்கலாம். முதல் தடவை முழு மூட்டையையும் படித்து ஒரு குறியீட்டு அட்டவணை தயாரித்து வைத்துக்கொள்ளும். அந்தத் தடவை டாரைப் போலவே நேரமாகும். இரண்டாம் தடவையிலிருந்து டார்.ஜிஇசட்கூட ஜிப் மாதிரி நடந்துகொள்ளும். ஜிப் மூட்டைக்கு ஃப்யூஸ்-ஜிப் என்று தனியாக ஒன்று உண்டு.

செலவு: நிறுவ வேண்டும், விண்டோஸில் நேராக ஓடாது, வேலை முடிந்ததும் கழற்ற வேண்டும். ஒரே ஒரு தடவை ஒரு ஃபோல்டர் வேண்டும் என்பவருக்கு இது கொசுவுக்குக் கோடாலி.

## ஒரே பார்வையில்

| | அன்ஜிப் (ஜிப்) | டார் (டார்.ஜிஇசட்) | செவன்-ஜிப் (7இசட்) | மவுண்ட் |
|---|---|---|---|---|
| ஒரு ஃபோல்டருக்குப் படிப்பது | அதை மட்டும் | முழு மூட்டை | அந்தப் பாளம் | முதல் தடவை முழுதும், பிறகு அதை மட்டும் |
| பட்டியல் பார்க்க | உடனே | முழு ஓட்டம் | உடனே | அட்டவணை இருந்தால் உடனே |
| அறுந்த டவுன்லோடு | திறக்காது | வந்தவரை கிடைக்கும் | நம்பாதீர்கள் | நம்பாதீர்கள் |
| கை தவறினால் | மைனஸ் ஜே ஆபத்து | பெரும்பாலும் நேரம்தான் நஷ்டம் | இ ஆபத்து | ரடார்மவுண்டில் படிக்க மட்டும் என்பதால் பயமில்லை |

## சரி, உங்களுக்கு எது?

கையில் இருப்பது ஜிப் என்றால் யோசிக்கவே வேண்டாம், அன்ஜிப். பாஸ்வேர்டு கேட்டுத் திறக்க மறுத்தால் செவன்-ஜிப்.

டார்.ஜிஇசட், டிஸ்கில் இடம் இல்லை, ஒன்றிரண்டு ஃபோல்டர் போதும்: டார், ஒரே ஓட்டத்தில். வாரத்துக்கு ஒருவர் ஒரு ஃபோல்டர் கேட்கும் வீடு என்றால் மவுண்ட். கல்யாணம், படைப்பு (முன்னோருக்குப் படைக்கும் வழிபாடு) என்று பங்காளிகள் கூடும் சமயத்தில் இப்படித்தான் கேட்பார்கள்.

டிஸ்கில் தாராளமாக இடம் இருந்தால் முழுவதையும் பிரித்துவிட்டு வேண்டாததை அழிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டார்.ஜிஇசட்டில் ஒரு ஃபோல்டருக்கும் முழு மூட்டைக்கும் படிக்கும் வேலை ஒன்றேதான். மிச்சப்படுவது எழுதும் வேலையும் இடமும்தான்.

கூகுள் டேக்அவுட்டில் இறக்கிய மூட்டைகள் தனி ரகம். அது பல ஜிப்களாகத் துண்டு போட்டுத் தரும். ஒவ்வொன்றும் தனியாகத் திறக்கும், ஆனால் ஒரே ஆல்பம் இரண்டு மூன்று துண்டுகளில் சிதறியிருக்கலாம். ஒரு துண்டில் எடுத்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள்.

மூட்டையைக் கட்டுபவரே நீங்கள் என்றால் மட்டும் என் பேச்சைக் கேளுங்கள்: ஜிப், அதுவும் சுருக்காமல், மைனஸ் 0 போட்டு. ஸ்கேன் படங்கள் ஜேபெக்காக இருந்தால் ஏற்கெனவே சுருங்கியவைதான், அவற்றை இன்னொரு தடவை பிழிந்து பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்தச் சொற்ப லாபத்துக்காக நானே பல வருடம் டார்.ஜிஇசட்டில் கட்டி அனுப்பி, எல்லோருடைய நேரத்தையும் தின்றிருக்கிறேன். தேவகோட்டை ஆச்சிக்கு அனுப்பியதும் அப்படி ஒன்றுதான்.

காகிதத்தைச் சேர்த்து வைப்பதில் எங்கள் பக்கத்துக்காரர்களை மிஞ்ச முடியாது. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் இதழ்களும் 1994-இல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி நூலகமாகவே ஆகியிருக்கின்றன. அவ்வளவு பெரிய சேகரிப்பு எல்லா வீட்டிலும் இல்லை. ஆனால் எல்லா வீட்டுப் பெட்டகத்திலும் யாரோ ஒருவருக்கு மட்டும் வேண்டிய ஒரு கட்டு இருக்கிறது.

பேத்தி பட்டியலை எடுத்து, முன்னால் புள்ளியும் சாய்கோடும் சேர்த்து, கடிதத்தோடு சிட்டையும் வேண்டும் என்று மறுபடி ஒரே ஓட்டத்தில் எடுத்துவிட்டாள். மறுநாள் ஆச்சி மறுபடி போன் செய்தார்கள். "எல்லாம் வந்துருச்சு தம்பி. ஆனா அப்பச்சி கையெழுத்து ஒரு வரிகூடப் புரியலையே, அதுக்கு எதைத் தட்டணும்?"